மலைநகரில் மளிகைக் கடைகள்: மூணாற்றின் சில்லறை வணிகமும் போட்டியும்

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் அமைந்த ஊர் மூணாறு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில் உள்ளது. அதன் தேயிலையைப் பற்றியும் இயற்கை அழகைப் பற்றியும் எழுதப்பட்டவை மிகப் பல. ஆனால், அங்குள்ள தொழிலாளர் குடும்பம் ஒன்று தன் அரிசியையும் பருப்பையும் எங்கே வாங்குகிறது, என்ன விலைக்கு வாங்குகிறது, ஏன் அந்தக் கடையில் வாங்குகிறது என்ற கேள்விகள் அதிகமாக ஆராயப்பட்டதில்லை.

உணவுக்கே வருவாயின் பெரும்பகுதியைச் செலவிடும் குடும்பங்களுக்கு, சில்லறை விலையில் ஏற்படும் சிறு வேறுபாடும் உண்மைக் கூலியில் ஏற்படும் வேறுபாடே ஆகும். நாட்கூலி பத்து ரூபாய் உயர்ந்தும், மளிகைச் செலவு அதே அளவுக்கு உயர்ந்துவிட்டால் பயன் ஏதுமில்லை. ஆகவே மளிகைக் கடைகளுக்கு இடையே நிலவும் போட்டி, வணிகர்களை மட்டும் பொறுத்த செய்தி அன்று. அது வளர்ச்சித் திட்டத்தோடு தொடர்புடையது.

சரக்கு வந்த வழி

கண்ணன் தேவன் மலைகளில் தோட்டப் பயிர்கள் தோன்றிய வரலாறு 1877-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டில் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து இம்மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி நிறுவப்பட்டது. காடு திருத்தவும் தேயிலை பறிக்கவும் தமிழகத்தின் சமவெளி மாவட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் திரளாக அழைத்து வரப்பட்டனர்.

இம்மலைகளில் தேயிலை விளைந்தது. தொழிலாளருக்கு வேண்டிய நெல் விளையவில்லை. எனவே இங்குள்ளோரின் உணவு முழுவதும் கீழிருந்து மேலே வரவேண்டியதாயிற்று. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டு, 1908-இல் அது சிறிய இருப்புப் பாதையாக மாற்றப்பட்டது. மூணாற்றிலிருந்து தேயிலை இப்பாதை வழியாக டாப் ஸ்டேஷனை அடைந்தது. அங்கிருந்து கம்பிவடப் பாதையில் இறங்கிப் போடிநாயக்கனூர் நோக்கிச் சென்றது. எதிர்த்திசையில் அரிசியும் ஏனைய சரக்குகளும் மேலேறின. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த இருப்புப் பாதையை அழித்துவிட்டது. அதன்பின் சாலைகளே மூணாற்றின் உயிர்நாடியாயின.

இன்றும் சரக்கு வரும் வழிகள் முக்கியமாக மூன்று. கிழக்கே போடிமெட்டு வழியாகப் போடிநாயக்கனூர், தேனி. வடக்கே மறையூர், சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டை. மேற்கே அடிமாலி வழியாகக் கொச்சி. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துடன் இணைந்தன. ஆட்சி எல்லை மாறினாலும் அடுப்பங்கரையின் வழக்கம் மாறவில்லை. தமிழ்க் குடும்பங்கள் விரும்பும் புழுங்கலரிசி, இட்லி அரிசி, நல்லெண்ணெய், புளி ஆகியவை தமிழகச் சந்தைகளோடு ஒட்டியவை. மட்டை அரிசியும் தேங்காய் எண்ணெயும் கேரளச் சமவெளியோடு ஒட்டியவை. மூணாற்றின் மளிகைக் கடைக்காரர் இவ்விருவகைத் தேவைக்கும் சரக்கு வைத்திருக்க வேண்டும்.

மூவகைக் கடைகள்

மூணாற்றுப் பகுதியின் மளிகை வணிகத்தை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, நகரின் கடைவீதியில் உள்ள கடைகள். இவை ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை. தோட்டத் தொழிலாளருக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை இவற்றுக்கு முக்கியமான வணிக நாள்.

இரண்டாவது, தோட்டங்களுக்குள் லயங்களின் அருகே உள்ள சிறு கடைகள். ஓர் அறையே கடை. பெரும்பாலும் ஒரு குடும்பமே அதை நடத்தும். சரக்கு வகை குறைவு, விலை சற்றுக் கூடுதல். ஆனால் கடை வீட்டு வாசலில் உள்ளது. பற்று எழுதிக்கொள்ளும் வசதியும் உண்டு.

மூன்றாவது, அரசு சார்ந்த கடைகளும் கூட்டுறவுக் கடைகளும். நியாய விலைக் கடைகள், கேரள மாநிலக் குடிமைப்பொருள் வழங்கு கழகத்தின் (சப்ளைகோ) விற்பனை நிலையங்கள், நுகர்வோர் கூட்டுறவு இணையத்தின் திரிவேணி அங்காடிகள் ஆகியவை மாநிலமெங்கும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இம்மூன்றும் ஒரே வாடிக்கையாளரை நாடுகின்றன எனினும், ஒரே கருவியைக் கொண்டு போட்டியிடுவதில்லை. கடைவீதிக் கடையின் கருவி விலையும் சரக்கு வகையும். லயத்துக் கடையின் கருவி அண்மையும் கடனும். அரசுக் கடையின் கருவி மானியம்.

கடைகள் ஏன் அருகருகே நிற்கின்றன?

ஒரே பொருளை விற்கும் கடைகள் ஊர் முழுவதும் பரவி நில்லாமல் ஒரே வீதியில் நெருங்கி நிற்பது ஏன்? பொருளியலறிஞர் ஹெரால்டு ஹோட்டலிங் 1929-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்று இதற்கு விடை கூறுகிறது. ஒரு நீண்ட தெருவில் வாடிக்கையாளர்கள் சீராகப் பரவியிருப்பதாகவும், இரண்டு கடைகள் ஒரே சரக்கை ஒரே விலையில் விற்பதாகவும் கொள்வோம். ஒவ்வொரு கடைக்காரரும் எதிராளிக்கு அருகில் நகர்ந்தால், தம் பக்கத்து வாடிக்கையாளரை இழக்காமலே எதிர்ப்பக்கத்தாரில் சிலரைக் கவரலாம். இவ்வாறு இருவரும் நகர்ந்து நகர்ந்து, முடிவில் தெருவின் நடுவில் அருகருகே நிற்பர்.

கடைக்காரர் இருவருக்கும் இதனால் நட்டமில்லை. ஆனால் தெருவின் இரு கோடிகளில் வாழ்வோர் முன்னினும் அதிகத் தூரம் நடக்கவேண்டி வருகிறது. மூணாற்றின் தெருக்கோடி என்பது பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள தோட்டப் பிரிவாகும். நடுவில் கடைகள் நெருங்குவதால் ஏற்படும் இடைவெளியை நிரப்பவே லயத்துக் கடை தோன்றுகிறது. அது தூரத்தை மிச்சப்படுத்தித் தருகிறது; அதற்கு ஒரு விலையையும் பெறுகிறது.

நெருக்கத்தால் வாங்குவோருக்கு ஒரு நன்மையும் உண்டு. நான்கு கடைகள் அடுத்தடுத்து இருந்தால், உளுந்தின் விலையை நான்கிலும் விசாரிக்கப் பத்து நிமிடம் போதும். ஒரு கடைக்காரர் மட்டும் விலையை உயர்த்த இயலாது. தனித்து நிற்கும் லயத்துக் கடைக்கு இக்கட்டுப்பாடு இல்லை. கடைவீதிக்குச் சென்றுவரும் செலவே அதன் விலைக்கு மேல்வரம்பு.

மூணாற்றுக்கே உரிய மற்றொரு காரணமும் குறிப்பிடத்தக்கது. இங்கு நிலம் எளிதில் கிடைப்பதில்லை. 1971-ஆம் ஆண்டின் கண்ணன் தேவன் மலைகள் நில மீட்புச் சட்டத்தின்படி நிலங்கள் அரசின் வசமாயின. சாகுபடிக்கு உரிய பகுதிகள் கம்பெனியிடம் விடப்பட்டன. கட்டடங்கள் எழுப்பவும் பல கட்டுப்பாடுகள் உள்ளன. மலைச்சரிவின் உறுதியையும் சூழலையும் காக்க இவை தேவையே. எனினும் புதிய கடைக்கு இடம் அரிது என்பதால், புதிய போட்டியாளர் நுழைவதும் அரிதாகிறது. கடை வைத்திருத்தல் என்ற உரிமைக்கே ஒரு மதிப்பு ஏறிவிடுகிறது.

விலையும் வழிச்செலவும்: ஒரு கணக்கு

கடைவீதியில் விலை குறைவு என்றால் எல்லாரும் ஏன் அங்கேயே வாங்குவதில்லை? இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை.

ஒரு குடும்பத்தின் மாத மளிகைச் செலவு லயத்துக் கடை விலையில் 4,000 ரூபாய் என்க. கடைவீதியில் அதே சரக்கு 6 சதவீதம் மலிவு என்க. ஒருவர் ஜீப்பில் போய்வரவும் மூட்டையை ஏற்றிவரவும் 120 ரூபாய் ஆகிறது என்க. மாதச் சரக்கு முழுவதையும் ஒரே தடவையில் வாங்கினால் விலையில் மிச்சம் 240 ரூபாய். வழிச்செலவு போக நிகர மிச்சம் 120 ரூபாய்.

அதே குடும்பம் வாரந்தோறும் 1,000 ரூபாய்க்கு மட்டும் வாங்கும் நிலையில் இருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு தடவையும் விலையில் மிச்சம் 60 ரூபாய். வழிச்செலவோ 120 ரூபாய். கடைவீதிக்குச் செல்வதால் வாரத்துக்கு 60 ரூபாய் நட்டமே. இக்கணக்கின்படி ஒரே தடவையில் 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடியவருக்கே கடைவீதியின் மலிவு பயன்படும்.

இதிலிருந்து ஒரு முக்கிய உண்மை புலனாகிறது. மலிவான கடை எல்லாருக்கும் மலிவானதன்று. கையில் மொத்தமாகப் பணம் உள்ளவர் குறைந்த விலை கொடுக்கிறார். அன்றாடம் சிறுகச் சிறுக வாங்குபவர் கூடிய விலை கொடுக்கிறார். ஏழ்மையே செலவைக் கூட்டுகிறது. ஒரு பெண் தொழிலாளி வாரம் முழுவதும் கொழுந்து பறித்தபின் தமக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளில் பாதியைக் கடைவீதிப் பயணத்துக்குச் செலவிடுகிறார் என்பதை இக்கணக்கு சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

பற்றுப் புத்தகம்

தோட்டத் தொழிலாளருக்குக் கூலி மாதக் கணக்கில் கிடைக்கிறது. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், ஆயிரம் தொழிலாளருக்குக் குறைந்த நிறுவனங்களில் அடுத்த மாதம் 7-ஆம் நாளுக்குள்ளும், ஏனையவற்றில் 10-ஆம் நாளுக்குள்ளும் கூலி வழங்கப்பட வேண்டும் என்று வகுத்தது. பசியோ நாள்தோறும் வருவது. கூலி நாளுக்கும் உலை வைக்கும் நாளுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியில்தான் பற்றுப் புத்தகம் பிறக்கிறது.

பற்றின் தன்மையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். லயத்துக் கடைக்காரர் சரக்கை மட்டும் விற்பதில்லை, கடனையும் விற்கிறார். வட்டி என்று தனியாக எதுவும் எழுதப்படுவதில்லை. அது விலையில் கலந்துள்ளது. ரொக்க விலையைவிட 5 சதவீதம் கூட்டி விற்று, பணத்தை ஒரு மாதம் கழித்துப் பெற்றால், அது ஆண்டுக்கு 60 சதவீத எளிய வட்டிக்குச் சமம். வெளிப்படையாகச் சொன்னால் எவரும் ஏற்கத் தயங்கும் வட்டி, பருப்பின் விலையில் மறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆயினும் கடைக்காரரை மட்டும் குறை கூறுவது முறையாகாது. அவருக்கு விற்பனை அளவு குறைவு; மூட்டையைக் கடைவரை கொண்டுவரும் கூலி அதிகம்; மழைக்காலத்தில் சரக்கு ஈரமேறிக் கெடும். கடன் பெற்றவர் நோயுற்றாலோ, ஓய்வுபெற்றுச் சொந்த ஊர் திரும்பினாலோ, வேலைநிறுத்தத்தால் கூலி நின்றாலோ, நிலுவை வராமலே போகலாம். 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கோரி மூணாற்றில் பெண் தொழிலாளர்கள் தாமே முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் நாடு முழுவதும் பேசப்பட்டது. அவ்வாண்டில் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இத்தகைய போராட்ட நாட்களில் தொழிலாளர் குடும்பத்துக்குக் கைகொடுக்கக்கூடிய முதல் இடம் பற்றுக் கணக்கு உள்ள கடையே. வங்கி ஈடு கேட்கும்; கடைக்காரருக்கு அறிமுகமே ஈடு.

ஆனால் பற்று, போட்டியை மட்டுப்படுத்துகிறது என்பதை மறுப்பதற்கில்லை. பழைய பாக்கி தீராமல் வேறு கடைக்குச் செல்வது இயலாது. கூலி நாளில் பாக்கி போக மிஞ்சும் தொகை சிறிது. அதைக் கொண்டு கடைவீதியில் மாதச் சரக்கு வாங்க முடியாது. எனவே மறுநாளே புதிய பற்று தொடங்குகிறது. முன் கணக்கில் கண்ட 2,000 ரூபாய் எல்லையை அக்குடும்பம் ஒருபோதும் எட்டுவதில்லை. கடைகளின் எண்ணிக்கை கூடினாலும் இவர்களைப் பொறுத்தவரை போட்டி இல்லை.

அரசுக் கடைகளின் பங்கு

சரக்குக்காகப் பிறரைச் சார்ந்திருக்கும் நுகர்வோர் தாமே ஒன்றுகூடிக் கடை நடத்தலாம் என்ற எண்ணம் 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகர நெசவாளர்களால் செயலுருப் பெற்றது. நம் நாட்டில் 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கம் நுகர்வோர் கூட்டுறவின் முன்னோடியாகும். உணவில் பற்றாக்குறை மாநிலமான கேரளம், 1960-களிலேயே பரவலான பங்கீட்டு முறையை அமைத்தது. 1974-இல் சப்ளைகோ நிறுவப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் மாவேலி ஸ்டோர்கள் பரவத் தொடங்கின.

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அந்த்யோதயா அட்டைதாரக் குடும்பத்துக்கு மாதம் 35 கிலோவும், முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளொன்றுக்கு 5 கிலோவும் தானியம் உரியது. 2023 ஜனவரி முதல் இது விலையின்றி வழங்கப்படுகிறது. இதனால் குடும்பச் செலவின் மிகப் பெரிய இனமாகிய அரிசியில் ஒரு பகுதி போட்டிக்கு வெளியே சென்றுவிட்டது எனலாம். இன்று தனியார் கடைகளின் போட்டி பெரும்பாலும் பருப்பு, எண்ணெய், மிளகாய், சர்க்கரை, சோப்பு, தின்பண்டம் ஆகியவற்றிலும், தரமான கூடுதல் அரிசியிலும் நிகழ்கிறது.

சப்ளைகோ 13 இன்றியமையாப் பொருள்களை மானிய விலையில் விற்கிறது. பல ஆண்டுகள் மாறாதிருந்த இவ்விலைகள் 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்டு, சந்தை விலையைவிட 35 சதவீதம் குறைவாக இருக்கும்படி அமைக்கப்பட்டன. அரசுக் கடையின் பயன் அங்கு வாங்குவோரோடு முடிவதில்லை. உளுந்தின் விலை அங்கே எழுதித் தொங்கும்போது, பக்கத்துத் தனியார் கடைக்கு அது ஓர் அளவுகோலாகிறது. வாங்காதவரும் இவ்வகையில் பயனடைகின்றனர்.

ஆனால் அளவுகோல் பயன்பட வேண்டுமானால் சரக்கு இருப்பில் இருக்கவேண்டும். 2023-இல் மாநிலத்தின் பல பகுதிகளில் மானியப் பொருள்கள் கிடைக்கவில்லை என்ற குறை எழுந்தது. சரக்கில்லாக் கடையின் விலைப்பலகை எவரையும் கட்டுப்படுத்தாது. மேலும், மானியப் பட்டியல் மாநிலம் முழுமைக்கும் பொதுவானது. இட்லி அரிசி, புளி, நல்லெண்ணெய் போன்றவை அதில் இல்லை. மூணாற்றுத் தமிழ்க் குடும்பம் இவற்றுக்குத் தனியார் கடையையே நாடவேண்டியுள்ளது.

சுற்றுலாவின் விளைவு

சுற்றுலாவின் வளர்ச்சி மூணாற்றின் கடைவீதியை மாற்றியுள்ளது. ஏலக்காய், மிளகு, தேயிலைத்தூள், உள்ளூரில் செய்த சாக்லேட் ஆகியவற்றை வாங்கும் பயணி ஒரு முறை வந்து ரொக்கம் தந்து செல்பவர். அவரிடம் பெறும் இலாப வீதம் அரிசி மூட்டையில் கிடைப்பதைவிட அதிகம். இடம் அரிதாகவும் வாடகை கூடுதலாகவும் உள்ள வீதியில், கடைக்காரர் தம் அலமாரியின் ஒவ்வோர் அடிக்கும் எது அதிக வருவாய் தரும் என்று கணக்கிடுவது இயல்பு. இவ்வாறு மளிகை பின்வரிசைக்குத் தள்ளப்படக்கூடும். சுற்றுலா வேலைவாய்ப்பைத் தருகிறது. அதே வேளையில், உள்ளூராரின் கடைகளைச் சுருக்கவும் கூடும்.

சமவெளி நகரங்களில் நிகழும் மற்றொரு மாற்றமும் மலையை எட்டாமல் இராது. உறையிட்ட பொருள்களின் மீது அதிகபட்சச் சில்லறை விலை அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. இதனால் பெரிய அங்காடியும் சிறு கடையும் ஒரே மேல்வரம்புக்குள் போட்டியிடுகின்றன. உற்பத்தியாளரிடம் மொத்தமாக வாங்கும் பெரிய அங்காடி, அச்சிட்ட விலையில் தள்ளுபடி தர முடியும். பல கைகள் மாறிச் சரக்கைப் பெறும் சிறு கடையால் அது முடியாது. சிறு கடை தாக்குப்பிடிப்பது விலையால் அன்று. கடன், அண்மை, அறிமுகம் ஆகிய மூன்றாலேயே.

சாலை அறுந்தால்

மலைநகரில் கடைகளின் மதிப்பு நெருக்கடியில் தெரியும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் மூணாறு–உடுமலைப்பேட்டைச் சாலையிலுள்ள பெரியவாரைப் பாலம் இடிந்தது. அதை அடுத்த ஆண்டுகளில் போடிமெட்டுச் சாலையின் கேப் ரோடு பகுதியில் பெரும் நிலச்சரிவுகள் ஏற்பட்டன. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவில் பெட்டிமுடியில் நேர்ந்த நிலச்சரிவு 70 உயிர்களைக் கொண்டது. இத்தகைய நாட்களில் லயத்துக்கு அருகே உள்ள சிறு கடையின் இருப்பே அப்பகுதியின் உணவுக் களஞ்சியம். செலவுக் கணக்கில் திறமையற்றதாகத் தோன்றும் பல சிறு இருப்புகள், இடர்க் காலத்தில் ஒரு பெரிய கிடங்கைவிடப் பாதுகாப்பானவை. எனவே சிறு கடைகள் மறைவதை முன்னேற்றத்தின் அடையாளமாக மட்டும் கருதிவிட முடியாது.

செய்ய வேண்டியவை

மேற்கண்ட ஆய்விலிருந்து சில நடைமுறை வழிகள் தோன்றுகின்றன.

முதலாவதாக, கூட்டுக் கொள்முதல். நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரே ஜீப்பில் சரக்கு எடுத்தால் ஒவ்வொன்றின் வழிச்செலவும் வெகுவாகக் குறையும். 1998-இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ இயக்கத்தின் அயல்கூட்டங்கள் இதற்கு ஆயத்தமான அமைப்பு. அக்கூட்டங்களின் சேமிப்பிலிருந்து மாத மளிகைக்கென ஒரு சிறு கடன் வழங்கப்பட்டால், பற்றுச் சுழலிலிருந்து ஒரு குடும்பம் வெளியேற முதல் வாயில் திறக்கும்.

இரண்டாவதாக, நியாய விலைக் கடைகளை விரிவாக்குதல். 2023 மே மாதத்தில் கேரள அரசு தொடங்கிய கே-ஸ்டோர் திட்டம், பங்கீட்டுக் கடைகளிலேயே பிற பொருள்களையும் சேவைகளையும் வழங்க வழி செய்கிறது. தோட்டப் பகுதிகளுக்கு இதில் முன்னுரிமை தரலாம். அங்குள்ளோரின் உணவு வழக்கத்துக்கேற்பச் சரக்குப் பட்டியலையும் அமைக்கலாம்.

மூன்றாவதாக, லயத்துக் கடைக்காரரும் உதவிக்கு உரியவர். அவர்கள் ஒன்றுகூடி மொத்தமாகக் கொள்முதல் செய்யவும், குறைந்த வட்டியில் நடைமுறை மூலதனம் பெறவும் கூட்டுறவு வங்கிகள் துணைநின்றால், அச்சலுகையின் ஒரு பகுதி விலைக் குறைவாக வாடிக்கையாளரைச் சேரும்.

நான்காவதாக, எடையளவு ஆய்வும் விலைப்பலகை ஒழுங்கும் கடைவீதியோடு நின்றுவிடலாகாது. போட்டி குறைவாக உள்ள இடத்திலேயே கண்காணிப்பு அதிகம் தேவை. விலைப்பலகை தமிழிலும் மலையாளத்திலும் இருத்தல் வேண்டும்.

ஒரு வீதியில் எத்தனை கடைகள் உள்ளன என்று எண்ணி, அதைக் கொண்டே போட்டியை அளந்துவிடலாம் என்று எண்ணுவது தவறு. இக்கடையை விட்டு அக்கடைக்குச் செல்ல வாங்குபவரால் முடிகிறதா என்பதே உண்மையான அளவுகோல். தோட்டத்தின் கடைசிப் பிரிவில், மலைச்சரிவின் ஓரத்து லயத்தில் வாழும் ஒரு குடும்பம், கூலி நாளன்று பாக்கி ஏதுமின்றிப் பையை எடுத்துக்கொண்டு தான் விரும்பிய கடைக்குச் செல்ல முடியுமானால், அன்றே மூணாற்றுக் கடைவீதியின் போட்டி மக்களுக்குப் பயன்பட்டது என்று கூறலாம்.